சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஏழாயிரம் விளக்குகள்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

விளக்கு இருளை நீக்கும் என்பது நாம் பாலர் வகுப்பிலேயே படித்த பாடம். ஆனால் விளக்கே ஒரு பொருளை இருட்டடித்துவிட்டதற்கும் உலகில் ஒரு சான்று உண்டு. வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயந்தான் அது. 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ அதன் விதானத்தில் உலகப் படைப்புக் காட்சிகளைத் தீட்டினார். பின்னர் 1536-இல் தொடங்கி 1541-இல் பீடத்தின் பின்சுவரில் பொதுத் தீர்வைக் காட்சியை வரைந்து முடித்தார். அந்நாளில் மின்சாரம் ஏது? மெழுகுவர்த்திகளும் எண்ணெய் விளக்குகளுமே அங்கு எரிந்தன. அவற்றின் கரிப்புகை மெல்ல மெல்ல மேலேறி, நூற்றாண்டுக் கணக்கில் ஓவியங்களின்மீது படிந்தது. முற்காலத்தில் பழுதுபார்த்தவர்கள் பூசிய பசையும் சேர்ந்து கறுத்தது. ஓவியத்தைக் காண்பதற்காக ஏற்றிய விளக்கே அதை மூடிவிட்டது!

இதனால் நேர்ந்த வேடிக்கை என்னவென்றால், மைக்கேலாஞ்சலோ மங்கிய, கருமை கலந்த நிறங்களை விரும்பிய ஓவியர் என்று கற்றறிந்தவர்களே எண்ணியிருந்தார்கள். 1980-இல் தொடங்கி 1994-இல் முடிந்த தூய்மைப் பணிக்குப் பின்னர்தான் இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் செம்மஞ்சளும் பளிச்சென்று வெளிப்பட்டன. அளவுக்கு மீறித் துடைத்துவிட்டார்கள் என்று குறைகூறியவர்களும் உண்டு. எது எப்படியாயினும், துடைத்த ஓவியத்தை இனி எப்படிக் காப்பது, அதே நேரத்தில் மக்களுக்கு எப்படிக் காட்டுவது என்ற கேள்வி எழுந்தது.

காட்டுவதும் காப்பதும் இங்கு ஒன்றுக்கொன்று பகை. வெயிலில் உலர்த்திய வண்ணச் சேலை வெளுத்துப்போவதை நாம் அறிவோம். நம் அன்னையர் அதனால்தான் பட்டுச் சேலையை நிழலில் உலர்த்துகிறார்கள். ஓவிய வண்ணங்களுக்கும் அதே நிலைதான். கதிரவன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் நிறங்களைச் சிதைக்கின்றன. அகச்சிவப்புக் கதிர்கள் சுவரைச் சூடாக்குகின்றன. சுவர் பகலில் சூடாகி இரவில் ஆறினால், பூச்சு விரிந்து சுருங்கி விரிசல் காணும். ஆகவே 1980-களில் சிற்றாலயத்தின் உயர்ந்த சாளரங்களுக்கு மறைப்பிட்டனர். உள்ளே ஆலசன் விளக்குகளை அமைத்து, ஒளியை மிகக் குறைத்து வைத்தனர். ஓவியத்தின்மேல் விழுந்த வெளிச்சம் 5 முதல் 10 லக்ஸ் வரைதான். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மீது விழும் வெளிச்சத்தின் அளவு. நாம் வகுப்பறையில் எழுதப் படிக்க ஏறக்குறைய 300 லக்ஸ் வேண்டும் என்று கூறினால், அங்கிருந்த மங்கல் எத்தகையது என்பது விளங்கும். நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவர்கள் ஏறக்குறைய 20 மீட்டர் உயரத்திலுள்ள விதானத்தை அரையிருளில் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

2014 அக்டோபரில் இந்நிலை மாறியது. அங்கு 7,000 எல்.இ.டி.கள் பொருத்தப்பட்டன. வெளிச்சம் ஐந்து முதல் பத்து மடங்கு கூடியது. ஆனால் மின்செலவோ பாதிக்கும் கீழே இறங்கியது. ஓவியங்களுக்குத் தீங்கும் மிகக் குறைவு. ஒளி கூடினால் செலவும் தீங்கும் கூடவேண்டும் அல்லவா? இது எவ்வாறு இயன்றது? இதை அறிய, முதலில் எல்.இ.டி. என்னும் ஒளி உமிழ் டையோடின் உள்ளே புகுந்து பார்க்கவேண்டும்.

பழைய குண்டு பல்பு, கொல்லன் உலை இரும்பின் உறவு. டங்ஸ்டன் இழையை மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சினால் அது ஒளிர்கிறது. நாம் கொடுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. ட்யூப் லைட் வேறு வழியில் செல்கிறது. அதன் உள்ளேயிருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாய்ந்து புறஊதாக் கதிர்களை எழுப்புகிறது. குழாயின் உட்புறத்திலுள்ள வெண்ணிறப் பாஸ்பர் பூச்சு அக்கதிர்களை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. எல்.இ.டி.யிலோ காய்ச்சுவதும் இல்லை, ஆவியும் இல்லை. அது ஒரு துண்டுக் குறைக்கடத்திப் படிகம். அப்படிகத்தின் ஒரு பாதியில் எலக்ட்ரான்கள் மிகுதியாக இருக்கும்படியும், மறுபாதியில் எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள், மிகுதியாக இருக்கும்படியும் செய்திருப்பார்கள். மின்சாரம் பாயும்போது இரண்டும் சந்திப்பில் வந்து கூடுகின்றன. எலக்ட்ரான் துளைக்குள் விழுகிறது. விழும்போது அது இழக்கும் ஆற்றலே ஒளியாக வெளிப்படுகிறது.

அந்த ஒளியின் நிறம் எதைப் பொறுத்தது? எலக்ட்ரான் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு படி உயரத்திலிருந்து குதிப்பதற்கும் மொட்டைமாடியிலிருந்து குதிப்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ? ஆற்றல் இடைவெளி சிறிதானால் சிவப்பு ஒளி, பெரிதானால் நீல ஒளி. படிகத்தின் பொருளை மாற்றினால் இடைவெளி மாறும், நிறமும் மாறும்.

சிவப்பு எளிதில் வந்துவிட்டது. படிகத்தில் மின்சாரம் பாய்ச்சினால் ஒளி தோன்றுகிறது என்பதை 1907-லேயே ரவுண்ட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கண்டார். 1920-களில் ரஷ்யாவில் ஓலெக் லோசெவ் அதை விரிவாக ஆராய்ந்தார். பாவம், அவர் 1942-இல் லெனின்கிராடு முற்றுகையின்போது பட்டினியால் இறந்தார். 1962-இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை உருவாக்கினார். அதன்பின் பச்சையும் வந்தது. நீலம் மட்டும் வரவே இல்லை. நீலம் இல்லாவிட்டால் வெண்மை இல்லை. வெண்மை இல்லாவிட்டால் எல்.இ.டி. வெறும் அடையாள விளக்காக, வானொலிப் பெட்டியின் மூலையில் கண் சிமிட்டிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான்.

நீலத்துக்குக் காலியம் நைட்ரைடு என்னும் பொருள் ஏற்றது என்று தெரிந்திருந்தும், அதில் குறையற்ற படிகம் வளர்க்க முடியாமல் உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் பல அம்முயற்சியைக் கைவிட்டன. கைவிடாதவர்கள் ஜப்பானியர் மூவர். நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் ஹிரோஷி அமனோவும் 1986-இல் நல்ல படிகத்தை வளர்த்தனர். அலுமினியம் நைட்ரைடு என்ற மெல்லிய அடித்தளத்தை முதலில் விரித்து, அதன்மேல் வளர்த்ததே அவர்கள் கண்ட வழி. 1989-இல் அப்படிகத்தில் துளைகளை உண்டாக்கும் வழியையும் கண்டனர். நிச்சியா என்ற சிறிய நிறுவனத்தில் பணியாற்றிய சுஜி நகமுரா தனி வழியில் முயன்று, 1993-இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யை உலகுக்குக் காட்டினார். மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அது அறிவிக்கப்பட்டதும் அக்டோபர் மாதம். சிஸ்டைன் சிற்றாலயத்தில் புதிய ஒளி ஏற்றப்பட்டதும் அதே ஆண்டின் அதே மாதம். தற்செயல்தான் என்றாலும் எங்களுக்கு இது மிகவும் பிடித்தது.

நீலத்திலிருந்து வெண்மைக்குச் செல்லும் வழி எளிது. நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பரைப் பூசினால், நீலத்தில் ஒரு பகுதி மஞ்சளாக மாறும். எஞ்சிய நீலமும் அம்மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தோன்றும்.

இதனை நாங்கள் நேரிலேயே கண்டோம். எங்கள் இயற்பியல் ஆசிரியை, எரியாமற்போன எல்.இ.டி. பல்புகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். ஒன்பது பல்புகள் சேர்ந்தன. பால்நிற மூடியைத் திருகிக் கழற்றியதும் உள்ளே வட்டமான அலுமினியத் தகடும், அதில் வரிசையாக மஞ்சள் நிறச் சதுரங்களும் தெரிந்தன. அரிசியளவே உள்ள அந்தச் சதுரங்கள்தாம் எல்.இ.டி.கள். மஞ்சளாகத் தெரிவது பாஸ்பர். ஒவ்வொரு பல்பையும் உற்றுப் பார்த்தபோது, ஆறு பல்புகளில் ஏதேனும் ஒரு சதுரத்தின் நடுவில் கரும்புள்ளி ஒன்று இருந்தது. அந்த ஒன்று மட்டுமே கருகியது. மற்றவை நல்ல நிலையில்தான் இருந்தன. ஆனால் எல்லாம் தொடரிணைப்பில் இருப்பதால், ஒன்று அணைந்தால் அத்தனையும் அணையும். திருவிழாச் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் ஒரு வரிசையே இருண்டுபோகிறதே, அதே கதைதான். மீதி மூன்று பல்புகளில் குற்றம் டிரைவரில் இருந்தது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம். எல்.இ.டி.க்கு வேண்டியதோ நேர்மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்யும் சிறிய மின்சுற்றுப் பலகையே டிரைவர்.

ஏன் கருகியது? எல்.இ.டி. சூடாவதில்லை என்று பலர் கூறுகின்றனர். அது முழு உண்மை அன்று. எல்.இ.டி.யின் ஒளியில் வெப்பக் கதிர் இல்லை. ஆனால் அதன் முதுகில் வெப்பம் உண்டாகிறது. அவ்வெப்பத்தை அலுமினியம் வாங்கிக் காற்றில் விடவேண்டும். அலுமினியத்தை மிச்சம் பிடித்தால், அல்லது காற்றோட்டமில்லாத மூடிய கூட்டுக்குள் பல்பைப் பூட்டினால், எல்.இ.டி. வெந்துவிடும். அட்டைப்பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சிட்டிருக்கும். அதன் பொருளையும் நாம் அறியவேண்டும். எல்.இ.டி. பொதுவாகக் குண்டு பல்புபோல் திடீரென்று அறுந்துபோவதில்லை, நாளடைவில் மங்குகிறது. முதல்நாள் வெளிச்சத்தில் நூற்றுக்கு எழுபது பங்காகக் குறையும் நேரத்தையே அதன் ஆயுள் என்று கணக்கிடுகிறார்கள். அதுவும் படிகத்தின் ஆயுள். டிரைவரின் ஆயுளைப் பெட்டி கூறுவதில்லை! இப்போது வீடு கட்டுவோர் விதானத்துக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அமைத்து, அதற்குள் விளக்குகளைப் பதித்துவிடுகின்றனர். கழற்றி மாட்ட வழியில்லாத விளக்கு ஒன்று போனால், ஒரு துண்டு சீலிங்கையே பிரிக்கவேண்டியுள்ளது.

அடுத்த சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. ஒரு பழைய சி.டி. தட்டின் பளபளப்பான பக்கத்தில் விளக்கின் ஒளியைச் சாய்வாகப் பட்டுத் தெறிக்கச் செய்தால், ஒளி நிறநிறமாகப் பிரியும். குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளியின்றி வானவில் தெரிந்தது. ட்யூப் லைட்டில் அது துண்டு துண்டான பட்டைகளாகத் தெரிந்தது. எல்.இ.டி.யில் ஒரு கூர்மையான நீலமும், அதையடுத்து ஒரு மங்கலான பள்ளமும், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை அகன்ற பகுதியும் தெரிந்தன. சிவப்பின் கோடியில் ஒளி நலிந்திருந்தது. வெள்ளை என்று நாம் சொல்லும் ஒளிகள் மூன்றும் மூன்று விதம். விளக்கில் இல்லாத நிறத்தைப் பொருள் திருப்பித் தர இயலாது. துணிக்கடையில் மெரூன் என்று எடுத்துவந்த தாவணி வெளியே வந்ததும் வேறாகத் தெரிகிறதே, அதன் காரணம் இதுவே. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு விளக்குகளுக்கு மதிப்பெண் உண்டு. குண்டு பல்புக்கு 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80. அருங்காட்சியகங்களில் 90-க்கும் மேற்பட்டதையே பயன்படுத்துகின்றனர்.

இப்போது சிஸ்டைன் சிற்றாலயத்துக்குத் திரும்புவோம். அங்கு விளக்கமைத்த பொறியாளர்கள் கடையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி.யைக் கொண்டுபோய் மாட்டவில்லை. முதலில் ஓவியங்களில் ஏறக்குறைய 280 இடங்களில் வண்ணங்கள் ஒளியை எவ்வாறு திருப்புகின்றன என்று அளந்தனர். மைக்கேலாஞ்சலோ சாளரங்களின் பகலொளியில் நின்று வரைந்தவர். அவர் கண்ட நிறம் நம் கண்ணுக்கும் தெரியவேண்டுமானால், எந்த நிற ஒளி எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டு, பல நிற எல்.இ.டி.களைக் கலந்து அந்த ஒளியை உண்டாக்கினர். குண்டு பல்பிலோ ஆலசனிலோ இது இயலாது. இழை தருகிற ஒளியைத்தான் நாம் வாங்கிக்கொள்ளவேண்டும். எல்.இ.டி.யில், சமையலில் உப்பையும் புளியையும் கூட்டிக் குறைப்பதுபோல், ஒளியின் கலவையையே மாற்றலாம். அதில் புறஊதா இல்லை. ஓவியத்தைச் சுடும் அகச்சிவப்பும் இல்லை. கண் காணும் பகுதி மட்டுமே செல்கிறது. ஆதலால்தான் வெளிச்சம் பத்து மடங்கு கூடியும் தீங்கு கூடவில்லை. அப்படியும் 50 முதல் 100 லக்ஸ் அளவிலேயே நிறுத்திக்கொண்டார்கள். மென்மையான கலைப்பொருள்களுக்கு 50 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களின் பொதுவான வரம்பு. ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் முற்றிலும் சாது அன்று. வான் காக் பயன்படுத்திய குரோம் மஞ்சள், ஒளிபட்டே பழுப்பாக மாறி வருகிறது. அவருடைய சூரியகாந்திப் பூக்கள் உண்மையாகவே வாடுகின்றன!

எங்களுக்கு மேலும் வியப்பளித்தது அந்த விளக்குகள் இருக்குமிடம். உள்ளே நிற்பவர்களுக்கு ஒரு விளக்கும் கண்ணில் படாது. சாளரங்களுக்குக் கீழே சுவரைச் சுற்றி ஓடும் கல்விளிம்பின்மேல் அவை மறைந்து கிடக்கின்றன. எல்.இ.டி. சிறியது, நெருப்பு அபாயம் குறைவு, அடிக்கடி மாற்றவேண்டியதில்லை. அதனால்தான் இவ்வாறு ஒளித்துவைக்க முடிகிறது. முன்னாள்களில் கட்டடத்தைக் கட்டி முடித்து, கடைசியில் எலெக்ட்ரீஷியனை அழைத்து, எங்கே விளக்கு மாட்டலாம் என்று கேட்டார்கள். இன்று கட்டடக் கலைஞர் வரைபடத்திலேயே ஒளியையும் வரைகிறார். கைப்பிடிச் சுவரின் அடியிலும், படிக்கட்டின் விளிம்பிலும், தூணின் பின்னாலும் ஒளி வைக்கிறார். விளக்கைக் காட்டாமல் வெளிச்சத்தை மட்டும் காட்டுவதே இக்கலையின் நுட்பம். இது முற்றிலும் புதியதா என்றால், இல்லை. நம் ஊர்ப் பழைய வீடுகளில் நடுமுற்றமும், ஓடுகளுக்கிடையே பதித்த ஒரே ஒரு கண்ணாடி ஓடும் செய்த வேலையும் இதுதானே! அவற்றுக்கு மின்கட்டணமும் இல்லை.

சிற்றாலயத்தைக் காண ஆண்டுதோறும் பல இலட்சக்கணக்கான மக்கள் வருகின்றனர். அவர்கள் விடும் மூச்சும், வியர்வை ஈரமும், உடையிலிருந்து உதிரும் தூசியும் ஓவியத்துக்குப் பகை என்பதால், விளக்கோடு காற்றைத் தூய்மைப்படுத்தும் பொறியையும் 2014-இல் புதுப்பித்தனர். இப்புதிய ஒளியமைப்பு வந்தபின் நடந்த முதல் திருத்தந்தைத் தேர்தல் 2025 மே மாதத்தில் நிகழ்ந்தது. கர்தினால்மார் அங்கு வரிசையாக அமர்ந்திருந்த படத்தைப் பார்த்தபோது, ஏனையோர் அவர்களைப் பார்த்தார்கள். நாங்கள் விதானத்தைப் பார்த்தோம்.

வேறு கட்டடங்களையும் விரைவாகப் பார்த்துவிடலாம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் மோனா லிசா 2013 முதல் எல்.இ.டி. ஒளியில் புன்னகைக்கிறாள். நியூயார்க்கில் 1931-இல் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில், முன்பு பணியாளர்கள் விளக்குகளின்மேல் வண்ணத் தகடுகளைக் கையால் மாற்றிக்கொண்டிருந்தனர். 2012 முதல் அங்கு ஒரு கணினி நொடிப்பொழுதில் நிறம் மாற்றுகிறது. காலையில் நீலவெண்மையாகவும் மாலையில் இளமஞ்சளாகவும் தாமே மாறும் விளக்குகள், ஆள் இல்லாத அறையில் தாமே அணையும் விளக்குகள், காகிதம்போல் மெல்லிய ஒளித்தாள்கள், விளக்கொளி வழியாகவே கணினிக்குச் செய்தி அனுப்பும் லை-ஃபை என்னும் முறை என்று புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றில் எது நிலைக்கும், எது கண்காட்சியோடு நிற்கும் என்று போகப்போகத்தான் தெரியும்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 60 வாட் குண்டு பல்பு தருகிற வெளிச்சத்தை ஏறக்குறைய 9 வாட் எல்.இ.டி. தருகிறது. நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால், ஆண்டுக்குக் குண்டு பல்பு 109 யூனிட்டுக்கு மேல் உண்கிறது, எல்.இ.டி. 17 யூனிட்டைக்கூடத் தொடுவதில்லை. இந்திய அரசு 2015 ஜனவரியில் ‘உஜாலா’ திட்டத்தைத் தொடங்கி, 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகளை மலிவு விலையில் வழங்கியது. 2014-இல் அரசு மொத்தமாக வாங்கும்போது ஒரு பல்பு 310 ரூபாயாக இருந்தது. 2016-இல் அதுவே 38 ரூபாய்க்கு இறங்கியது. பாதரசம் உள்ள ட்யூப் லைட்டுகளோ விடைபெறும் நேரம் வந்துவிட்டது. அவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென்று மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023-இல் கூடி முடிவு செய்தன.

மலிவானதைத் தாராளமாகச் செலவழிப்பது மனிதர் இயல்பு. ஒரு கூடத்துக்கு ஒரு குண்டு பல்பு போதும் என்றிருந்த இடத்தில் இன்று பன்னிரண்டு விளக்குகள் பதிக்கப்படுகின்றன. விளக்கு வாங்கும்போது எத்தனை வாட் என்று மட்டும் கேட்கிறோம். எத்தனை கெல்வின் என்று கேட்பதில்லை. ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். 2,700 என்றால் அகல்விளக்கை ஒத்த இளமஞ்சள். 6,500 என்றால் நீலம் கலந்த வெண்மை. ‘பளிச்சென்று இருக்கவேண்டும்’ என்று நம்மவர் பெரும்பாலும் கேட்பது இரண்டாவதையே. பகலில் அதனால் குற்றமில்லை. ஆனால் நம் விழித்திரையில், உருவத்தைக் காண்பதற்காக அன்றி, இது பகலா இரவா என்று மூளைக்கு அறிவிப்பதற்கென்றே தனி உயிரணுக்கள் உள்ளன. அவை நீல ஒளிக்கே மிகுதியாக மசிகின்றன. இரவு பத்து மணிக்கு நீலவெண்ணிற விளக்கின் கீழே அமர்ந்தால், அவை இன்னும் பொழுது சாயவில்லை என்று மூளைக்குச் சொல்கின்றன. உறக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது. விடுதித் தோழியர் இதைப் படித்ததும், பொதுத்தேர்வுக் காலத்துக்கு இதுவே ஏற்ற விளக்கு என்றார்கள். உறங்காமல் படித்தது மறுநாள் நினைவில் நிற்குமா என்று நாங்கள் திருப்பிக் கேட்டோம். விவாதம் இன்னும் முடியவில்லை. ஆயினும் அவர்கள் படிப்பு மேசைக்கு 6,500 கெல்வினும், படுக்கைப் பக்கத்துக்கு 2,700 கெல்வினும் வேண்டும் என்று விடுதித் தாயாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கட்டடத்துக்கு உள்ளே செய்கிற தவற்றை ஒரு சுவிட்சால் திருத்திக்கொள்ளலாம். வெளியே செய்வதை அவ்வாறு திருத்த இயலவில்லை. கட்டடத்தின் முகப்புக்கு ஒளியூட்டுகிறோம் என்று கீழிருந்து மேல்நோக்கி விளக்குகளை வைக்கிறார்கள். அவ்வொளியில் ஒரு பங்கு சுவரில் படுகிறது. மீதி வானத்துக்குப் போகிறது. 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் தம் ஊரில் எந்த விண்மீன்வரை தெரிகிறது என்று பார்த்து அனுப்பிய பல்லாயிரம் குறிப்புகளை அறிவியலார் தொகுத்துப் பார்த்தனர். இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு 9.6 விழுக்காடு வீதம் பெருகிவந்ததாக 2023-இல் அறிவித்தனர். இந்த வேகத்தில் எட்டு ஆண்டுகளுக்குள் அது இரு மடங்காகிவிடும். கணக்குப் பாடத்தில் கூட்டுவட்டி படித்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்கு மேற்படக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-இல் பரிந்துரைத்ததும் நீல ஒளியின் தீங்கை எண்ணியே.

விண்மீன் தெரியாவிட்டால் நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். சென்னைக் கடற்கரையில் அதற்கு விடை இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை சிற்றாமைகள் என்னும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டை இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சுகள் பொரித்து மேலே வரும். வருவதும் இரவிலேதான். தாய் அங்கில்லை, வழிகாட்ட யாருமில்லை. எந்தத் திசையில் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அதுவே கடல் என்று அவை ஓடும். பல கோடி ஆண்டுகளாக அது சரியாகவே இருந்தது. இரவில் கரையைவிடக் கடல்மேல் வானமே வெளிச்சமாக இருக்கும். இன்று வெளிச்சம் கரைப்பக்கம் இருக்கிறது. கட்டைவிரல் அளவேயுள்ள குஞ்சுகள் கடலுக்கு முதுகைக் காட்டி, கட்டடங்களையும் சாலையையும் நோக்கிச் செல்கின்றன. விடிந்தால் காகமும் நாயும் வெயிலும். 1988 முதல் சென்னையில் மாணவர்கள் இரவெல்லாம் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். கரையில் விளக்கு கூடக்கூட அவர்கள் வேலையும் கூடுகிறது.

இதற்கு விளக்கே வேண்டாம் என்பது விடை அன்று. கடற்கரையில் மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. இரவில் பெண்கள் நடமாடவும் வெளிச்சம் வேண்டும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் ஓவியத்துக்குச் செய்ததை ஆமைக்கும் செய்யலாம். கடலாமையின் கண்ணுக்கு நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும். செம்மஞ்சளும் சிவப்பும் அவ்வளவாகத் தெரிவதில்லை. நீலமே கலவாத செம்மஞ்சள் எல்.இ.டி.கள் இன்று கிடைக்கின்றன. அவற்றைத் தாழ்வான கம்பத்தில் வைத்து, கடல்பக்கம் தகடு அடித்து மறைத்து, ஒளி தரையை மட்டும் நோக்கும்படி செய்தால், நடப்பவர்களுக்கு வழி தெரியும். ஆமைக்குஞ்சுக்குக் கரை இருட்டாகவே இருக்கும். அமெரிக்காவின் புளோரிடா கடற்கரையில் இத்தகைய விளக்குகளுக்கு விதியே இருக்கிறது. கட்டடம் வரைகிற மேசையிலேயே இதை முடிவு செய்துவிட்டால் கூடுதல் செலவு ஏதுமில்லை. கட்டிய பிறகு என்றால், முகப்பு விளக்குகளைக் குஞ்சு பொரிக்கும் மாதங்களிலாவது இரவு பதினோரு மணிக்கு அணைக்கலாம். அதற்குத் தேவை ஒரு டைமர்.